பொங்கல் விழாவில் ஒரு மணி நேரம் வேண்டும்: அமெரிக்கத் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். வரும் பொங்கல் விழாவில் ஒரு மணி நேரம் கேட்டு இதை எழுதுகிறேன். பட்டிமன்ற நேரத்தில் கை வைக்கச் சொல்லவில்லை, அதற்கு எனக்குத் துணிச்சலும் இல்லை. விழா நடக்கும் பள்ளிக்கூடத்தில் சும்மா கிடக்கும் ஒரு வகுப்பறையும் ஒரு குடியேற்ற வழக்கறிஞரும் போதும். பேச வேண்டியது ஒரே விஷயம்: தற்காலிக விசாவில் இங்கே இருப்பவர் கல்யாணத்தின் மூலம் கிரீன் கார்டுக்கு மாறுவது.

நான் ஒரு குடியேற்றச் சட்ட அலுவலகத்தில் பாராலீகலாக வேலை பார்க்கிறேன். வழக்கறிஞர் இல்லை. படிவம் நிரப்புவது, ஆவணம் அடுக்குவது, இன்டர்வியூவுக்கு முந்தின நாள் போன் செய்து பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள் என்று சொல்வது, இவைதான் என் வேலை. எங்களிடம் வரும் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே ஓர் ஆலோசனையைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருகின்றன. யார் சொன்னது என்று கேட்டால், சங்கத்தில் ஓர் அண்ணன், தமிழ்ப் பள்ளியில் ஓர் அக்கா, பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அங்கிள். எல்லாரும் நல்லவர்கள். பல வருடங்களாக இங்கே இருப்பவர்கள். ஆனால் அவர்களில் பலர் வேலை மூலமாக கிரீன் கார்டு வாங்கியவர்கள். அந்தப் பாதையின் விதிகள் வேறு, இந்தப் பாதையின் விதிகள் வேறு. ஒன்றில் கிடைத்த அனுபவத்தை மற்றொன்றுக்கு எடுத்துக் கொடுக்கும்போது, பயப்பட வேண்டாத இடத்தில் பயமுறுத்துகிறோம், பயப்பட வேண்டிய இடத்தில் தட்டிக் கொடுத்து அனுப்புகிறோம்.

முதலில் பயமுறுத்தும் பக்கம். விசிட்டர் விசாவில் முறையாக உள்ளே வந்து, ஐ-94 தேதி (இங்கே தங்க அனுமதித்த கடைசி நாள்) தாண்டிப் போன ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். தேதி முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கணவர் அமெரிக்க சிட்டிசன். கல்யாணம் உண்மையானது. இவருக்குக் கிடைக்கும் ஆலோசனை என்ன? "முதல்ல ஊருக்குப் போயிடுமா, அங்கேயிருந்து முறையா வா." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1996-இல் வந்த சட்டப்படி, 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கிவிட்டு வெளியேறினால் 3 வருடத் தடை. ஒரு வருடமோ அதற்கு மேலோ தங்கியிருந்தால் 10 வருடத் தடை. வெளியே காலடி வைக்கும்போதுதான் இந்தத் தடை விழுகிறது. அதே பெண் இங்கேயே இருந்து ஐ-130 (கணவர் போடும் குடும்ப மனு), ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) இரண்டையும் போட்டால், சிட்டிசனின் மனைவி என்ற முறையில், சோதனைக்கு உட்பட்டு உள்ளே வந்தவர் என்ற முறையில், தேதி தாண்டியது ஒன்றே அவர் விண்ணப்பத்துக்குத் தடையாகாது. அனுமதியில்லாமல் வேலை பார்த்ததும் அப்படித்தான். சென்னைக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்த அந்த நல்லவர், அவரைப் பத்து வருடம் கணவரிடமிருந்து பிரித்து வைத்திருப்பார். விலக்கு கேட்டு மனுப் போடலாம், சரி. அது தனிப் போராட்டம்.

அதற்காக "தேதி தாண்டினால் பரவாயில்லை" என்று இன்னொரு தவறான ஆலோசனையைக் கிளப்பிவிடாதீர்கள். இந்தச் சலுகை சிட்டிசனின் கணவன் மனைவிக்கு, பெற்றோருக்கு, 21 வயதுக்குக் கீழே உள்ள கல்யாணமாகாத பிள்ளைகளுக்கு மட்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவரைக் கட்டிக்கொண்டவர் எஃப்2ஏ என்ற வரிசையில் நின்று, யாருடைய முறை வந்தது என்று மாதாமாதம் அறிவிக்கும் விசா புல்லட்டினைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும், அதுவரை தன் ஸ்டேட்டஸையும் விடாமல் வைத்திருக்க வேண்டும். துணைவர் சிட்டிசன் ஆன நாளில்தான் கணக்கு மாறும். "என் தம்பிக்கு ஒண்ணும் ஆகலையே" என்று பேசும்போது, தம்பி மனைவியின் கையில் இருந்தது நீல நிற பாஸ்போர்ட்டா, கிரீன் கார்டா என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். இன்னொன்று: 2025 பிப்ரவரியில் வந்த கொள்கைப்படி, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, இங்கே தங்க வேறு சட்டப்படியான வழியும் இல்லாவிட்டால், குடியேற்ற நீதிமன்றத்துக்கு வரச் சொல்லும் நோட்டீஸ் அதைத் தொடர்ந்து வரலாம். தேதி தாண்டியவர் வழக்கறிஞர் இல்லாமல் தானே படிவம் நிரப்பி அனுப்பும் காலம் இது இல்லை.

விதிவிலக்குகளும் உண்டு. பந்தியில் இவற்றை யாரும் பேசுவதில்லை. கப்பல் ஊழியராக டி விசாவில் இறங்கியவர் சிட்டிசனைக் கட்டிக்கொண்டாலும் இங்கேயே இருந்து மாற முடியாது. ஜே-1 விசாவில் மருத்துவப் பயிற்சிக்கு வந்த டாக்டர், இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும், அல்லது அதற்கு விலக்கு வாங்கியாக வேண்டும். சிட்டிசன் மாப்பிள்ளை கிடைத்தாலும் அது தீராது. கே-1 வருங்கால மனைவி விசாவில் வந்தவர், மனுப் போட்ட அதே ஆளை 90 நாளுக்குள் கட்டிக்கொள்ள வேண்டும். மனம் மாறி இன்னொருவரைக் கட்டினால் அவர் மூலம் இங்கே மாற வழியில்லை. லண்டனிலும் பாரிஸிலும் சிங்கப்பூரிலும் இருந்து, விசா இல்லாமல் எஸ்டா அனுமதியில் வரும் நம் சொந்தங்கள், வரும்போதே நாடுகடத்தலை எதிர்த்து வாதாடும் உரிமையைப் பெரும்பாலும் விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். 90 நாள் தாண்டியபின் அவர்கள் நிலைமை இந்தியப் பாஸ்போர்ட்டில் பி-2 விசிட்டர் விசாவோடு வந்தவரைவிட மோசம். இது தெரிந்த ஈழத்துக் குடும்பம் ஒன்றைக்கூட நான் இன்னும் பார்க்கவில்லை.

சரி, இப்போது தட்டிக் கொடுக்கும் பக்கம். இதற்காகத்தான் இந்த மடலே.

"வந்துட்டா பாத்துக்கலாம்." நம் சங்கங்களில் அதிகம் செலவாகும் நான்கு சொற்களை எடுத்தால் அதில் இரண்டு இவைதான். பெண் விசிட்டர் விசாவில் வரட்டும், விமான நிலையத்தில் அக்காவைப் பார்க்க வந்ததாகச் சொல்லட்டும், இங்கே கல்யாணத்தை முடித்து அப்படியே பேப்பர் போட்டுவிடலாம். மும்பை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் வரிசையில் நிற்பதைவிட இது சீக்கிரம் என்பது கணக்கு. கல்யாணம் செய்துகொண்டு திரும்பிப் போவதற்கு விசிட்டர் விசாவில் தாராளமாக வரலாம், அதில் தப்பே இல்லை. தங்கிவிடும் திட்டத்தோடு வந்து, அதிகாரி கேட்கும்போது வேறு சொல்வதுதான் பிரச்சினை. அதிகாரி இதைத் தெரிந்தே சொன்ன பொய் என்று முடிவு செய்தால், அது வாழ்நாள் தடை. இருக்கும் ஒரே கதவு, சிட்டிசனோ கிரீன் கார்டுக்காரரோ ஆன துணைவருக்கோ பெற்றோருக்கோ மிகக் கடுமையான துன்பம் வரும் என்று நிரூபித்து வாங்கும் விலக்கு. தேதி தாண்டியதை மன்னிக்கிற அதே சட்டம்தான் இது.

இந்த இடத்தில் 90 நாள் என்று ஒன்றைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெளியுறவுத் துறைக் கையேட்டில் 2017 செப்டம்பரில் வந்தது. அதற்கு முன்பு 30, 60 நாள் கணக்கு இருந்தது. வந்த 90 நாளுக்குள், வந்த விசாவுக்குப் பொருந்தாத காரியம் செய்தால், உதாரணமாகக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே குடியேறினால், விசா வாங்கும்போதே பொய் சொன்னார் என்று அனுமானிக்கலாம் என்பது அதன் சாரம். இதை நம் ஆட்கள் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார்கள். 91-ஆம் நாள் கல்யாணம் பண்ணினால் எல்லாம் சரி என்று முகூர்த்தம் குறிக்கிறார்கள்! அந்தக் கையேடு தூதரக அதிகாரிகளுக்கானது. கிரீன் கார்டு விண்ணப்பத்தைப் பார்க்கும் குடியேற்றச் சேவைத் துறை (யுஎஸ்சிஐஎஸ்) அதிகாரியை அது கட்டுப்படுத்தாது. அவர் 20-ஆம் நாள் நடந்த கல்யாணத்தை ஏற்கவும் செய்யலாம், 120-ஆம் நாள் நடந்ததைக் கேள்வி கேட்கவும் செய்யலாம். மண்டபத்துக்கு ஆறு மாதம் முன்பே அட்வான்ஸ் கொடுத்த ரசீது இருந்தால், 91-ஆம் நாள் என்ன செய்யும்?

எச்-1பி, எல்-1 வேலை விசாக்காரர்கள், அவர்களோடு குடும்பமாக வரும் எச்-4, எல்-2, இவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. குடியேறும் எண்ணம் இருந்தாலும் அந்த விசாக்களுக்கு அது குறையாகாது. எஃப்-1 மாணவருக்கு அந்த வசதி கிடையாது. ஒரே வீட்டில் தங்கியிருக்கும் இரண்டு நண்பர்களுக்கு இரண்டு பதில். பந்தியில் ஒரே பதில்தான் பரிமாறப்படுகிறது.

பொய்யில் இன்னொரு வகை இருக்கிறது. இது நம் ஊருக்கே உரியது, சொல்கிறவர்களுக்கு அது பொய் என்றே தோன்றாது. கும்பகோணத்தில் கோவிலில் தாலி கட்டியாயிற்று, மண்டபத்தில் ஐந்நூறு பேர் சாப்பிட்டாயிற்று, பதிவு மட்டும் செய்யவில்லை. விசா படிவத்தில் கல்யாணம் ஆனவரா என்ற கேள்விக்கு "இல்லை" என்று போடுகிறார்கள். காரணம் கேட்டால், "ரெஜிஸ்டர் பண்ணலையே." இங்கே வந்து கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் மறுபடியும் ஒரு கல்யாணம், அந்தத் தேதியை ஐ-130-இல் எழுதுகிறார்கள். இன்டர்வியூவுக்கு ஆல்பம் கொண்டுபோகிறார்கள், அதில் கும்பகோணம்! அதிகாரி பக்கத்தைப் புரட்டிவிட்டு, "இது எப்போது நடந்தது?" என்று கேட்கிறார். கணவன் ஒரு தேதி, மனைவி ஒரு தேதி.

கல்யாணம் நடந்த இடத்தின் சட்டப்படி அது செல்லுமா என்றுதான் அமெரிக்கா பார்க்கிறது. இந்து திருமணச் சட்டத்தின்படி சடங்கு முறையாக நடந்தால் கல்யாணம் ஆயிற்று. பதிவு செய்யாததால் அது இல்லாமல் போகாது. சுயமரியாதைத் திருமணத்துக்கும் தமிழ்நாட்டில் 7ஏ பிரிவு இருக்கிறது, ஐயர் இல்லாமல் மாலை மாற்றினாலும் செல்லும். ஆகவே "இல்லை" என்று போட்டது தவறான பதில். இதை முன்கூட்டியே வழக்கறிஞரிடம் சொன்னால் பல நேரம் சரிசெய்ய வழி கிடைக்கும். அதிகாரி ஆல்பத்தில் கண்டுபிடித்தால் கிடைக்காது. ஆனால் எங்கள் அலுவலகத்தில்கூட, மூன்றாவது நான்காவது சந்திப்பில்தான் இந்தக் கோவில் கல்யாணம் வெளியே வருகிறது. அதுவும் அம்மா போனில் பேசும்போது.

பெயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், அந்த ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம் இதற்கே போகும். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால் விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "எஃப்என்யூ" (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று வந்துவிடுகிறது. டிரைவிங் லைசன்ஸில் அப்பா பெயர் கடைசியில், கல்யாணச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், வங்கிக் கணக்கில் கணவர் பெயர். அதிகாரி பார்க்கும்போது மூன்று பேர் மாதிரி இருக்கிறது. ஐ-130, ஐ-485 இரண்டிலும் வேறு பெயர்கள் உண்டா என்று ஓர் இடம் இருக்கிறது. எஃப்என்யூ உட்பட எல்லாவற்றையும் அங்கே எழுத வேண்டும். பலர் அதை "புனைபெயர் ஏதும் இல்லை" என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். கட்டணமும் ஒருமுறை சொல்லுங்கள், கேட்டுவிட்டு மயங்காமல் இருக்க: 2024 ஏப்ரல் 1 முதல் ஐ-485-க்கு 1,440 டாலர், காகிதத்தில் போடும் ஐ-130-க்கு 675 டாலர். வேலை அனுமதிக்கும், இடையில் வெளிநாடு போய்த் திரும்ப வாங்கும் அட்வான்ஸ் பரோலுக்கும் தனித்தனிக் காசு.

அட்வான்ஸ் பரோல். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது அது கையில் இல்லாமல் நாட்டை விட்டுப் போனால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். எச்-1பி, எல்-1, அவர்கள் குடும்ப விசாக்களை விடாமல் வைத்திருப்பவர்களைப் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. ஊரில் அப்பா ஐசியூவில் இருக்கிறார் என்று போன் வரும்போது இதை யோசிக்க யாருக்கும் தெம்பு இருக்காது. அவசர அட்வான்ஸ் பரோல் என்று ஒன்று இருக்கிறது, மருத்துவமனைக் கடிதத்தோடு கேட்கலாம் என்பதை, போன் வருவதற்கு முன்னால் தெரிந்து வைத்திருக்க வேண்டும். "கிரீன் கார்டு அப்ளை பண்ணிட்டோம், இனி எங்க வேணும்னாலும் போகலாம்" என்று மேடையிலேயே ஒருவர் வாழ்த்திப் பேசியதை நான் கேட்டிருக்கிறேன். அப்போதுதான் இப்படி எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இவ்வளவையும் விட எனக்கு முக்கியமானது, வீட்டுக்குள் கோப்பு யார் கையில் இருக்கிறது என்பது. எங்களிடம் வரும் தம்பதிகளில் கணவர் பேசுவார், மனைவி தலையாட்டுவார். கையெழுத்து போடும் இடத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரை மட்டும் அவருக்குக் காட்டுவார்கள். விண்ணப்பம் அவருடையது! அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. கிரீன் கார்டு கிடைக்கும் நாளில் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகவில்லையென்றால் வருவது இரண்டு வருட நிபந்தனைக் கார்டு. அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் அந்த நிபந்தனையை நீக்கக் கேட்டு இருவரும் சேர்ந்து ஐ-751 போட வேண்டும். "நான் கையெழுத்துப் போடலைன்னா நீ ஊருக்குத்தான்" என்பது அந்த இரண்டு வருடத்தில் பல வீடுகளில் ஓடும் வசனம். அது உண்மையில்லை. கல்யாணம் உண்மையாக நடந்து விவாகரத்தில் முடிந்திருந்தாலும், வீட்டில் கொடுமை நடந்திருந்தாலும், மனைவி தனியாகவே ஐ-751 போடலாம்.

கார்டே இன்னும் வராத நிலையில் கணவர் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டால்? துணைவர் சிட்டிசனோ கிரீன் கார்டுக்காரரோ என்றால், கொடுமைக்கு ஆளானவர் 1994-இல் வந்த, பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுக்கும் வாவா சட்டப்படி ஐ-360-இல் தானே மனுப் போடலாம். அதைக் கணவருக்குத் தெரிவிக்க அதிகாரிகளுக்கு அனுமதி இல்லை. சட்டத்தின் பெயரில் பெண்கள் என்று இருந்தாலும் ஆண்களும் போடலாம். எச்-1பி கணவரோடு எச்-4-இல் வந்தவருக்கு இந்த மனு பொருந்தாது, ஆனால் தனியாக வேலை அனுமதி கேட்க ஒரு வழி உண்டு. அப்புறம் ஐ-864: ஸ்பான்சர் போடும் அந்த ஆதரவுப் பத்திரம் விவாகரத்தோடு முடிந்துவிடாது. மனைவி சிட்டிசன் ஆகும்வரையோ, 40 காலாண்டு வேலைக் கணக்கு சேரும்வரையோ, நாட்டை விட்டே போகும்வரையோ அது ஸ்பான்சரைப் பிடித்துக்கொண்டிருக்கும். இதை நான் ஒரு பெண்ணிடம் சொன்னபோது அவர் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். பக்கத்தில் கணவர் அதுவரை ஐ-864-ஐ வெறும் வருமானச் சான்று என்றே நினைத்திருந்தார்.

காசு கொடுத்து நடக்கும் காகிதக் கல்யாணத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 5 வருடம் வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். ஒருமுறை அப்படிப் பிடிபட்டால், பிறகு மனசாரக் காதலித்துக் கட்டிக்கொண்டாலும் அந்த மனு ஏற்கப்படாது. சங்கத்தில் யாராவது "ஆள் இருக்கு" என்று சொன்னால், அவரைக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

இப்போது என் கோரிக்கைகள். வகுப்பறையில் வழக்கறிஞர் பேசும் ஒரு மணி நேரத்தில் கடைசி அரை மணியைக் கணவர்கள் இல்லாமல் மனைவிகளுக்கு மட்டும் ஒதுக்குங்கள். பட்டிமன்றம் நடக்கும் நேரத்திலேயே வைத்தால் ஆண்கள் தாமாகவே அங்கே போய்விடுவார்கள். பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறத்தில் குடும்ப வன்முறைக்கான தேசிய உதவி எண் 1-800-799-7233 ஒட்டியிருக்கட்டும். நியூ ஜெர்சியில் 1985 முதல் இயங்கும் மானவி போல, தெற்காசியப் பெண்களுக்கான அமைப்பு உங்கள் ஊரில் இருந்தால் அதன் எண்ணும் பக்கத்திலேயே. ஜூலை 4 வார இறுதியில் வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை விழா நடத்துபவர்களும் ஓர் இணை அமர்வில் இதற்கு இடம் கொடுத்தால் நல்லது. பெரிய சங்கங்களுக்கு இன்னொரு யோசனை: நீதித் துறையின் அங்கீகாரத் திட்டத்தில், வரிவிலக்கு பெற்ற, வசதி குறைந்தவர்களுக்கு உதவும் லாபநோக்கற்ற அமைப்பு பதிவு செய்துகொண்டு, பயிற்சி பெற்ற ஒரு பிரதிநிதியை வைத்துக் குடியேற்ற உதவி செய்யலாம். வழக்கறிஞர் அல்லாதவர் சட்டப்படி ஆலோசனை சொல்லும் வழி அதுதான். அதுவரை குழுவில் யாராவது கேட்டால், "எனக்கு இப்படி நடந்தது, உனக்கு வழக்கறிஞரைக் கேள்" என்று மட்டும் சொல்லும்படி உறுப்பினர்களுக்கு ஒரு வரி அனுப்புங்கள்.

கட்டணம் வாங்காமல் பேச வருகிறேன் என்று சொன்ன ஒரு வழக்கறிஞரை நான் ஏற்பாடு செய்கிறேன். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க நான் இருக்கிறேன். நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போவதற்குள் பதில் போடுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: அந்த வகுப்பறை வாசலில் பெயரும் மின்னஞ்சலும் எழுதும் நோட்டு வேண்டாம். யார் வந்தார்கள் என்று எழுதி வைத்தால், வர வேண்டியவர்கள் வர மாட்டார்கள்.

இப்படிக்கு,
உங்கள் சங்கத்தின் உறுப்பினர் ஒருவர்